ரேட்டைக் கெடுத்தவன் யாரு? - ஒரு போர்டு புராணம்

போர்டு எழுதுறவங்க, ஃபிளெக்ஸ் அடிக்கிறவங்க, லைட் போர்டு பண்றவங்க யார்கிட்டயாவது பத்து நிமிஷம் பேசிப் பாருங்க. பதினோராவது நிமிஷம் இந்த வாக்கியம் வந்துடும்: "எவனோ வந்து ரேட்டைக் கெடுத்துட்டான் சார்". ராயபுரத்துல கேட்டா திருவொற்றியூர்க்காரனைச் சொல்வாங்க. திருவொற்றியூர்ல கேட்டா மணலிக்காரனை. மணலியில கேட்டா "சிட்டிக்காரன்". வடசென்னையை முழுசா ஒரு சுத்து சுத்தினாலும் அந்த 'எவனோ' மட்டும் கையில சிக்க மாட்டான்.

அவனைத் தேடித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஒரு டீயோட உட்காருங்க :-)

மணலியில் இருந்து ஆரம்பிக்கக் காரணம் இருக்கு. மத்த ஊர்ல போர்டுன்னா கடை, சினிமா, கட்சி. இங்க அதோட தொழிற்சாலையும் சேரும். 1969ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் (இன்னைக்கு சிபிசிஎல்) ஓட ஆரம்பிச்சது. 1971ல் மெட்ராஸ் உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது, எம்.எஃப்.எல் சந்திப்புன்னு பஸ்ல டிக்கெட் கேக்கிறோமே, அதேதான். எண்பதுகளில் பெட்ரோகெமிக்கல் கம்பெனிகள் வரிசையா வந்தன. கேட்டு, காம்பவுண்டு சுவர், டேங்க், பைப் எல்லாத்துலயும் எழுத்து வேணும். 'புகை பிடிக்காதீர்' என்பதில் ஆரம்பிச்சு, எந்தக் குழாயில் என்ன போகுது என்பது வரைக்கும்.

அதோட லாரி. 1989ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள், அபாயகரமான சரக்கு ஏத்துற ஒவ்வொரு வண்டியிலும் அவசரத் தகவல் பலகை இருக்கணும்னு சொல்லுது. சரக்கோட சரியான பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில். ஐ.நா. எண் 100 மில்லிமீட்டருக்குக் குறையாத எண்ணில். ஆபத்து வகையைக் காட்டும் சாய்சதுரப் படம் 250 மில்லிமீட்டர் அளவில். கூடவே அவசர உதவிக்கான போன் நம்பர். பெட்ரோலுக்கு 1203, சமையல் வாயுவுக்கு 1075, அமோனியாவுக்கு 1005. மணலி விரைவுச் சாலையில் டிராஃபிக்கில் மாட்டிக்கிட்டு நிக்கும்போது இதை மனப்பாடம் பண்ணின ஆளுங்கள்ல நானும் ஒருத்தன். வேற என்ன பண்றது, முன்னாடி டேங்கர், பின்னாடி கன்டெய்னர்!

இதுல இன்னொரு அடுக்கு 2003ல் சேர்ந்தது. அபாயகரக் கழிவுகள் சம்பந்தமான வழக்கில் அந்த வருஷம் அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. தொழிற்சாலைக்குள்ள என்ன ரசாயனம் எவ்வளவு இருக்கு, காத்துலயும் தண்ணியிலயும் என்ன போகுது, என்ன கழிவு வருது என்பதை மெயின் கேட்டுக்கு வெளியே ஜனங்க பார்க்கிற மாதிரி எழுதி வைக்கணும்னு. போர்டு எழுதுறவருக்கு அது ஒரு ஆர்டர். கேட்டுக்கு எதிர்ல குடியிருக்கிறவனுக்கு, அந்தக் கம்பெனி அவனோட பேசுற ஒரே பக்கம் அதுதான்.

சரி, விலைக்கு வருவோம்.

கையால் எழுதின காலத்தில் கணக்கு ரெண்டு விதம். எழுத்துக் கணக்கு, அடிக் கணக்கு. வண்டி நம்பர், லாரி பின்னாடி வாசகம் எல்லாம் எழுத்துக் கணக்கு. கடை போர்டு, சுவர் விளம்பரம் அடிக் கணக்கு. அப்பவும் ரேட்டைக் கெடுக்கிறவங்க இருந்தாங்க. எனாமலில் டர்பென்டைனைக் கூட ஊத்துறது, ரெண்டு கோட் அடிக்க வேண்டிய இடத்தில் ஒரு கோட்டோட முடிச்சிடுறது. ஆனா அந்தத் தில்லுமுல்லுக்கு ரெண்டு கடிவாளம் இருந்தது.

ஒண்ணு, கை. எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எழுத முடியும். பாதி விலைக்கு எழுதினா பாதிக் கூலி, அவ்வளவுதான். பாதி விலை சொல்றவனால் ஊர் போர்டையெல்லாம் வாங்கிப் போட்டுக்க முடியாது.

ரெண்டாவது, கீழ் மூலையில் இருக்கிற கையெழுத்து. ஏதோ ஒரு பெயரைப் போட்டு பக்கத்துல 'ஆர்ட்ஸ்'னு குட்டியா எழுதியிருப்பாங்களே, அது வெறும் விளம்பரம் இல்ல, உத்தரவாதம். போர்டு ஒரே வருஷத்துல வெளுத்துப் போனா தெருவே மூலையைப் பார்க்கும்.

இந்த ரெண்டு கடிவாளத்தையும் ஒரே நேரத்துல அறுத்தது ஃபிளெக்ஸ். தொண்ணூறுகளின் கடைசியில் எட்டிப் பார்த்து, 2000களில் தெருவை நிரப்பிடுச்சு. 2006 சட்டமன்றத் தேர்தலில் சுவரெழுத்துக்குத் தேர்தல் ஆணையம் போட்ட கெடுபிடி, பிரஷ்காரங்களுக்கு இருந்த பெரிய சீசனையும் காலி பண்ணிச்சு. 2009ல் அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டருக்குத் தடை போட்ட சென்னை மாநகராட்சி, பேனர் ஓவியர்களை வச்சே அங்க படம் வரைய வச்சது. நல்ல விஷயம்தான். ஆனா எத்தனை பேருக்கு எத்தனை நாளைக்கு?

பலரும் நினைக்கிற மாதிரி மெஷின் வந்ததால மட்டும் விலை விழல. மெஷினைக் கடனில் வாங்கினதால விழுந்தது. மாசா மாசம் தவணை கட்டணும். மெஷினைச் சும்மா நிறுத்தி வச்சா ஹெட்டில் இங்க் காய்ஞ்சு அடைச்சுக்கும், அதுக்குத் தனிச் செலவு. ஆக, ஓடிக்கிட்டே இருக்கணும். இன்னும் ஒரு சதுர அடி அடிக்க ஆகுற செலவு ஃபிளெக்ஸும் இங்க்கும் மட்டும்தான். அதுக்கு மேல ஒரு ரூபா கிடைச்சாலும் 'வந்த வரைக்கும் லாபம்'னு தோணும். எல்லாக் கடைக்கும் அப்படித் தோணினா என்ன ஆகும்? தவணை, வாடகை, கரண்டு, டிசைன் பண்ற பையனோட சம்பளம் எதுவுமே விலைக்குள்ள இருக்காது. பேராசையால் வந்த வியாதி இல்லீங்க இது, பயத்தால் வந்தது.

ஒரு சின்னக் கணக்கு. பத்தடி நீளம், நாலரை அடி அகலம். 45 சதுர அடி. ஆனா நாலரை அடியில் ரோல் வராது, அஞ்சடி ரோலைத்தான் எடுக்கணும். நேர்மையா கணக்குப் போடுறவர் 50 அடிக்குக் காசு கேட்பார். பக்கத்துக் கடைக்காரர் 45க்குத்தான் கேட்பேன்னு சொல்வார். வாடிக்கையாளர் கண்ணுக்கு முதல் ஆள் திருடன், ரெண்டாவது ஆள் தர்மவான். ரெண்டாமவர் அந்த அஞ்சடியை எங்க எடுப்பார்? கனம் கம்மியான ஃபிளெக்ஸ். பிரிண்ட்டை வேகமா ஓட்டி இங்க்கைக் குறைக்கிறது. ஃபிரேமில் குறுக்குப் பைப் ஒண்ணு குறையும். பதினெட்டு கேஜ் பைப்புக்குப் பதில் இருபது கேஜ் வரும். (கேஜ்ல நம்பர் கூடக்கூட தகடு மெலிசாகும். கேக்கிறவருக்கு இருபதுதான் உசத்தின்னு தோணும், பாவம்.) நம்ம சாத்தங்காடு இரும்பு மார்க்கெட்ல எல்லா கேஜும் கிடைக்கும், அது மார்க்கெட்டோட தப்பில்ல.

"அப்ப எல்லாரும் உட்கார்ந்து ஒரே ரேட்டைப் பேசி வச்சுக்க வேண்டியதுதானே"ன்னு கேட்பீங்க. எல்லாத் தொழில்லயும் முதல்ல வர்ற யோசனை இதுதான். ஒரே தொழில் செய்றவங்க விருந்துல கூடினாலும் பேச்சு கடைசியில் விலையை ஏத்துறதுல போய் முடியும்னு 1776லேயே ஆடம் ஸ்மித் முணுமுணுத்தார். 1930களின் பெருமந்தத்துல அமெரிக்கா இதை அரசாங்கத் திட்டமாவே செஞ்சு பார்த்தது. 1933ல் சட்டம் போட்டு, ஒவ்வொரு தொழிலும் 'நியாயமான போட்டி விதி' எழுதிக்கலாம்னாங்க. பல விதிகளில் அடக்க விலைக்குக் கீழ விக்கக் கூடாதுன்னும் இருந்தது. 1935ல் அங்க உச்ச நீதிமன்றம் செல்லாதுன்னு தூக்கிப் போட்டுடுச்சு. அந்த வழக்குல மாட்டினவங்க கோழி வியாபாரிங்க என்பது உபரித் தகவல்.

நம்ம ஊர்ல? போட்டிச் சட்டம் 2002ல் வந்தது. கூட்டு சேர்ந்து விலை வைக்கிறதைத் தடுக்கிற பிரிவுகள் 2009 மே மாசம் அமலுக்கு வந்தன. அந்தச் சட்டத்துல நேரா போர்டுத் தொழிலே மாட்டின கதை ஒண்ணு இருக்கு.

2018ல் ஸ்டேட் பாங்க், பெருநகரங்களில் இருக்கிற கிளைகள், ஏ.டி.எம்.களோட பெயர்ப் பலகைகளைப் புதுசா வைக்கவும் மாத்தவும் டெண்டர் விட்டது. பாங்கோட கட்டட வேலைகளைப் பார்க்கிற துணை நிறுவனம்தான் டெண்டரை நடத்தினது. போட்டி போட்டதெல்லாம் பெரிய கம்பெனிகள், நம்ம தெருமுனை ஆட்கள் இல்ல. புகார் ஒண்ணு போக, இந்தியப் போட்டி ஆணையம் 2020ல் தானாகவே வழக்கெடுத்தது. விசாரணையில் என்ன கிடைச்சதுன்னு நினைக்கிறீங்க? மின்னஞ்சல்! யார் எந்தப் பகுதியை எடுத்துக்கிறது, யார் என்ன விலை போடுறதுன்னு அவங்களுக்குள்ள எழுதிக்கிட்ட கடிதங்கள். 2022 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஏழு நிறுவனங்கள் குற்றம் செஞ்சதா சொல்லி, சராசரி விற்றுமுதலில் ஒரு சதவீதம் அபராதம். உள்ளதைச் சொல்லி ஒத்துழைச்ச ஒரு கம்பெனிக்கு மட்டும் அபராதத்தில் 90 சதவீதம் தள்ளுபடி.

இந்தத் தீர்ப்பைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நம்ம 'எவனோ'வைப் பாருங்க. விலையைக் குறைச்சா குற்றமில்ல. சேர்ந்து பேசி வச்சா குற்றம். அடக்க விலைக்குக் கீழ வித்துப் போட்டியாளரைத் துரத்துறதும் தப்புன்னு அதே சட்டத்துல இருக்கு, ஆனா அது சந்தையில் ஆதிக்கம் செலுத்துற பெரிய ஆளுக்கு மட்டும்தான். மணலி மார்க்கெட்ல ஒத்த மெஷின் வச்சிருக்கிறவர் அந்த வரையறைக்குள்ள வர மாட்டார். அப்படியே சட்டப்படி பார்த்தா ரேட்டைக் கெடுத்தவன் யோக்கியன், ரேட்டைக் காப்பாத்தச் சங்கம் கூட்டினவன் குற்றவாளி.

கேக்க எரிச்சலா இருந்தாலும் சட்டம் சொல்றது சரின்னுதான் எனக்குப் படுது. பேசி வச்ச விலையில் நியாயம் இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. ஸ்டேட் பாங்க் விஷயத்தில் அவங்க பேசி வச்சது பைப் கேஜைப் பத்தியோ ஃபிட்டிங் பண்ற ஆளோட பாதுகாப்பைப் பத்தியோ இல்ல, யாருக்கு எந்த ஊர் என்பதைப் பத்தி. போர்டு எப்படி நிக்கணும் என்பதை விலைக்குள்ள கொண்டு வர வேண்டியவர் வாங்குறவர். அவரோ "சதுர அடி எவ்ளோ?"ன்னு ஒத்தைக் கேள்விதான் கேக்கிறார். அரசு டெண்டரும் அதே லட்சணம். 1998ல் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் போட்டது வேண்டப்பட்டவனுக்கு வேலை போறதைத் தடுக்கத்தான், நல்ல நோக்கம். ஆனா குறைஞ்ச விலைக்காரனுக்கே வேலைன்னு ஆகும்போது, என்ன தரம்னு டெண்டர்லயே தெளிவா எழுதலேன்னா மெலிசுப் பைப்தான் ஜெயிக்கும்.

நான் தேடின 'எவனோ' போர்டு செய்றவங்க பக்கம் மட்டும் இல்லேங்கிறது இங்கதான் உறைச்சது.

அந்த விலைக்குள்ள வராததை யாரோ கொடுத்துத்தான் ஆகணும். 2019 செப்டம்பர் 12ம் தேதி பள்ளிக்கரணை ரேடியல் ரோட்ல, சாலை நடுவுல கட்டியிருந்த கல்யாண பேனர் ஒண்ணு சரிஞ்சு, ஸ்கூட்டர்ல போன 23 வயசுப் பொறியாளர் மேல விழுந்தது. பின்னால வந்த தண்ணி லாரி ஏறி அந்தப் பொண்ணு செத்துப் போச்சு. நாம எல்லாருமே அன்னைக்குக் கொதிச்சோம். அனுமதி இல்லாம வச்சவங்க மேலதான் முதல் பழி, சரிதான். கூடவே அதிகாரிங்க பேனர் அடிச்ச அச்சகத்துக்கும் சீல் வச்சாங்க.

2011லேயே தமிழ்நாட்டில் டிஜிட்டல் பேனருக்குன்னு தனி விதிகள் வந்தாச்சு. அனுமதி எண், எத்தனை நாளைக்கு அனுமதி, அதோட அச்சடிச்சவர் பெயர், எல்லாத்தையும் பேனரோட கீழ் பகுதியில் போடணும். கவனிச்சீங்களா? பிரஷ் பிடிச்சவர் கர்வத்தோட தானா போட்டுக்கிட்ட கையெழுத்து. ஃபிளெக்ஸ் காலத்துல அது காணாமப் போய், அரசாங்கம் விதி போட்டு அதே மூலையில் திரும்பப் போடச் சொல்ல வேண்டியதாச்சு. எத்தனை பேனர்ல அந்தப் பெயர் இருக்குன்னு அடுத்த தடவை ரோட்ல போகும்போது பாருங்க.

எங்க பக்கத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆர்ட்டிஸ்ட் அண்ணன் இருக்கார். பிரஷ்ல ஆரம்பிச்சு இப்ப ஏ.சி.பி. ஷீட், எல்.இ.டி. எழுத்து வரைக்கும் வந்துட்டார். டேங்கர் பலகை வேலையும் எடுக்கிறார். அதுல மட்டும் ரேட்டே குறைக்க மாட்டார். "வெயில்ல வெளுத்துப் போற ஸ்டிக்கர் ஒட்டி, நாளைக்கு வண்டி கவுந்து, ஃபயர் சர்வீஸ்காரன் நம்பர் படிக்க முடியாம நின்னான்னா? போய்ட்டு வாங்க சார், வேற கடை இருக்கு"ம்பார். கடை போர்டுக்குக் கொட்டேஷன் கேட்டா ஒரே விலையா எழுத மாட்டார். பைப் இந்த கேஜ், இத்தனை அடி. ஷீட் இந்தக் கனம். பிரிண்ட் தனி. வெல்டிங் தனி. சாரம் கட்டி ஏறி மாட்டுற கூலி தனி. கீழ கையெழுத்து. தாளைப் பார்த்துட்டுப் பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க. மீதிப் பேர் முழுசாப் படிச்சு முடிச்சு நிமிர்ந்து பார்த்துட்டுக் கேப்பாங்க:

"எல்லாம் சரிண்ணே... சதுர அடி எவ்ளோ வருது?"