கடலோரம் ஓடிய செகண்ட் ஹேண்ட் வண்டி: மேலே பளபளப்பு, அடியில் துரு... வாங்கும் முன் எங்கே பார்க்கணும்?

‘சிங்கிள் ஓனர், கிலோமீட்டர் கம்மி, டயர் புதுசு’. செகண்ட் ஹேண்ட் வண்டி விளம்பரங்களில் வழக்கமாக வரும் வரிகள் இவை. விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மாதிரி கடலோர கிராமத்தில் ஓடிய வண்டி என்றால், இந்த மூன்றுமே உண்மையாக இருந்தாலும் வண்டி உள்ளுக்குள் கெட்டுப் போயிருக்க வாய்ப்பு உண்டு. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆயிரக்கணக்கான ஏக்கரில் உப்பளம். இங்கே வண்டி ஓட வேண்டும் என்றுகூட இல்லை, வாசலில் சும்மா நின்றாலே தேயும்.

மீன் ஏற்ற ஒரு குட்டி யானை, குடும்பத்துக்கு ஒரு சின்ன கார் என்று சேமிப்பைப் போட்டு வாங்குபவர்களுக்குத்தான் இதில் அடி பலமாக விழும். வாங்கிய ஆறே மாதத்தில் பிரேக் பைப் ஓட்டை, ஏசி கண்டென்சர் லீக், டேஷ்போர்டில் அணையாத லைட்டுகள் என்று செலவு வரிசை கட்டும். விற்றவர் போனை எடுக்க மாட்டார்.

உப்புக் காற்று வண்டியை என்ன செய்யும்?

அலை உடையும்போது தெறிக்கும் நுண்ணிய துளிகளைக் காற்று கரைக்குத் தூக்கி வருகிறது. கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் இந்தப் படிவு மிக அதிகம். உள்ளே போகப் போகக் குறையும். அந்தத் துளி காய்ந்த பிறகும் உப்பு வண்டியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து மறுபடி தண்ணீராகிவிடும். கடலோரத்தில் பெரும்பாலான இரவுகளில் இதுதான் நிலைமை. அதாவது மழையே இல்லாத மாதத்திலும் வண்டியின் அடிப்பகுதி ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் நனைந்தபடி நிற்கிறது.

துரு என்பது இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் நடக்கும் மின்வேதி வினை. சாதாரண தண்ணீரை விட உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் இந்த வினை வேகமாக நடக்கும். உருவாகும் துரு, இரும்பை விட அதிக இடம் பிடிக்கும். அதனால் பெயின்ட் உப்பி, உரிந்து, அடுத்த அடுக்கு இரும்பும் வெளியே வந்துவிடும். அலுமினியமும் தப்பாது, ஏசி கண்டென்சர், ரேடியேட்டரில் வெள்ளை மாவு மாதிரி படிவதைப் பார்க்கலாம். வயரிங் கனெக்டருக்குள் செம்பு பச்சை பிடிக்கும்.

மீன் பெட்டி ஏற்றும் வண்டிகளின் கதை இன்னும் மோசம். ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர், பின்பக்கத் தட்டின் மூட்டுகள் வழியாக நேராக சேஸியில் இறங்கும். குட்டி யானை வாங்குபவர்கள் என்ஜினைத் திறப்பதற்கு முன்பே தட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

அரசு சோதனையில் மாட்டாதா?

பலரும் கவனிக்காத விஷயம் இது. சரக்கு வாகனங்களுக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் எஃப்சி எடுக்க வேண்டும். சொந்தப் பயன்பாட்டு காருக்கு ஆர்சி 15 ஆண்டுகள் செல்லும். அதுவரை அடிப்பகுதியைப் பார்த்து யாரும் சான்று தரப் போவதில்லை. புகைச் சான்றிதழ் வெளியே வரும் புகையை மட்டும்தான் அளக்கும். அதனால் எட்டு, பத்து வயதுள்ள ஒரு கடலோர காரின் அடியை நிஜமாகவே பார்க்கப் போகும் முதல் ஆள் வாங்குபவராகத்தான் இருப்பார்.

எப்படிப் பார்ப்பது?

வீட்டு வாசலில் குனிந்து பார்த்தால் போதாது. பக்கத்து வாட்டர் சர்வீஸிலோ ஒர்க் ஷாப்பிலோ வண்டியை ராம்ப்பில் ஏற்றிப் பார்க்கணும். ‘அதெல்லாம் எதுக்கு சார்’ என்று விற்பவர் மறுத்தால், அதுவே பதில்.

சைலென்சரிலும் போல்ட் தலைகளிலும் மேலாகத் தெரியும் செந்துருவுக்குப் பயப்படத் தேவையில்லை. கடலோர வண்டி எல்லாவற்றிலும் அது இருக்கும். கவனம் போக வேண்டிய இடங்கள் வேறு. பிரேக் பைப், பெட்ரோல் டேங்கைத் தாங்கும் பட்டை, சஸ்பென்ஷன் ஆர்ம் சேரும் இடம், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவ விளிம்பு. கடைசியில் சொன்ன விளிம்பில் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்துக்கொண்டால் உப்புத் தண்ணீர் உள்ளேயே தங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் நல்ல இரும்பு ‘டங்’ என்று சொல்லும், அரித்த இரும்பு மொத்தையாகச் சத்தம் தரும். துகளாக உதிர்ந்தால் பேரம் பேசவே வேண்டாம். அந்த இடத்தில் வெல்டிங் வைத்தாலும் விபத்தில் பழைய பலம் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

பட்டி பார்த்து மறைத்திருக்கிறார்களா என்று அறிய ஒரு சின்ன காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றி வீல் ஆர்ச், கதவின் கீழ் ஓரங்களில் ஓட்டிப் பார்க்கலாம். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது. பத்து வயது காரின் அடியில் மட்டும் கறுப்பு கோட்டிங் புத்தம் புதிதாக மின்னினால் சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்படணும்.

ஃபெஞ்சல் வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் பல மணி நேரம் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ., மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. அப்போது தண்ணீரில் நின்ற வண்டிகள் கழுவி, காயவைத்து, வேறு ஊர்ச் சந்தைக்கு வருவது உண்டு. இன்சூரன்ஸ் விதிப்படி பழுதுச் செலவு வண்டியின் ஐடிவி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’. அப்படிப்பட்ட வண்டிகள் ஏலத்தில் போய், சரிசெய்யப்பட்டு மறுபடி சாலைக்கு வருவதும் நடக்கிறது.

கண்டுபிடிக்க எளிய வழி சீட் பெல்ட். கடைசி வரை இழுத்துப் பார்த்தால், சுருளுக்குள் இருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். அதைக் கழுவ யாருக்கும் தோன்றாது. ஸ்டெப்னி குழியில் வண்டல், சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, ஹெட்லைட்டுக்குள் ஆவி, பழைய காரில் மட்டும் புதிய தரைவிரிப்பு, மூக்கைத் துளைக்கும் சென்ட் வாசனை எல்லாமே கேள்வி கேட்க வைக்க வேண்டியவை.

பாலிசியில் உள்ள நோ கிளெய்ம் போனஸும் பேசும். கிளெய்ம் இல்லாவிட்டால் அது 20-ல் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும். அதே ஓனரிடம் இருந்த வண்டிக்கு 2025-ல் திடீரென பூஜ்ஜியம் ஆகியிருந்தால், என்ன கிளெய்ம் என்று ஆவணத்தோடு கேட்கலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரத்தை எடுத்துத் தரச் சொல்லலாம். மூழ்கிய காரில் என்ஜினை விட ஏர்பேக், ஏபிஎஸ் கட்டுப்பாட்டுப் பெட்டிகள்தான் பெரிய தலைவலி. தண்ணீர் பட்ட அன்றே சாகாமல், கனெக்டர் மெல்ல அரித்து மாதங்கள் கழித்துச் சாகும்.

புதுச்சேரி நம்பர் என்றால்?

மரக்காணம் பகுதியில் திண்டிவனத்தின் டிஎன் 16 வண்டிகளோடு பிஒய் நம்பர் வண்டிகளும் சகஜம். புதுச்சேரியில் சாலை வரி குறைவு. சொகுசு கார்களை அங்கே பதிவு செய்ததாக மலையாள நடிகர்கள் சிலர் மீது 2017-ல் புகார் கிளம்பியதும் இதனால்தான். விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கி தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், மறுபதிவு செய்து இங்குள்ள வரியையும் கட்ட வேண்டும். அதற்கு புதுச்சேரி ஆர்டிஓ தரும் என்ஓசி, அதாவது படிவம் 28 தேவை. வரித் தொகையைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ‘சல்லிசு’ என்பது சில சமயம் காணாமல் போகும்.

கடன் பாக்கி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் தேதி போன்றவற்றை எம்பரிவாகன் செயலியில் பார்த்துவிடலாம். ஆர்சியில் வங்கிப் பெயர் இருந்தால், படிவம் 35-ம் வங்கியின் என்ஓசியும் கைக்கு வரும் வரை அட்வான்ஸ் கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு. படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிய பின் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்டு அதற்குள் வண்டி மோதினால், பழைய ஓனர் பெயரில் உள்ள பாலிசியிலிருந்து சொந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கஷ்டம்.