பதவிச் சின்னம் பறிக்கப்பட்ட கர்னல்: ஸ்டெஃபனோஸ் சராஃபிஸும் எலாஸ் படையின் உருவாக்கமும்

1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிரேக்கத்தின் தெஸ்ஸலி மலைப்பகுதியில், பொதுவுடைமைக் கட்சி வழிநடத்திய எலாஸ் என்னும் எதிர்ப்புப் படையின் கெரில்லாக்கள் ஒரு முன்னாள் கர்னலைச் சிறைபிடித்தார்கள். துரோகி என்று பழிசுமத்தி மலைக் கிராமங்கள் வழியே அவரை நடத்திச் சென்றார்கள். அதே ஆண்டு மே மாதம் அவரே அந்தப் படையின் ராணுவத் தளபதியாகப் பொறுப்பேற்றார். ஸ்டெஃபனோஸ் சராஃபிஸின் இந்தத் திடீர் மாற்றத்துக்கு எதிர்முகாமினர் சொன்ன விளக்கம், உயிருக்குப் பயந்து சம்மதித்தார் என்பது. இடதுசாரிகள் சொன்னது, மலையில் மக்களைக் கண்டு மனம் மாறினார் என்பது. இரண்டு விளக்கங்களும் அந்தச் சில மாதங்களை மட்டுமே பார்க்கின்றன. காரணத்தை அதற்கு எட்டாண்டு முன்பு, 1935இல் தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சராஃபிஸ் 1890இல் தெஸ்ஸலியின் டிரிகலா நகரில் பிறந்தவர். பால்கன் போர்களின் காலத்தில் படையில் சேர்ந்து அதிகாரியானார். அன்றைய கிரேக்க ராணுவம் இரண்டாகப் பிளந்து கிடந்தது: மன்னரின் ஆட்கள் ஒரு பக்கம், தாராளவாதத் தலைவர் எலெஃப்தேரியோஸ் வெனிசெலோஸின் ஆட்கள் மறுபக்கம். 1916இல் தெஸ்ஸலோனிக்கியில் வெனிசெலோஸ் தனி அரசு அமைத்தபோது சராஃபிஸ் அவர் பக்கம் நின்றார். அதன் பிறகு அவருடைய பதவி உயர்வும் வீழ்ச்சியும் தேர்தல் முடிவுகளையும் கலகங்களையும் ஒட்டியே நடந்தன. அந்தத் தலைமுறை அதிகாரிகள் பலரின் கதை இதுதான். பின்னாளில் அவருக்கு எதிரியான நெப்போலியன் ஸெர்வாஸும் இதே வெனிசெலோஸ் முகாமிலிருந்து வந்தவர்தான். 1926இல் ஆயுள் தண்டனை பெற்று 1928இல் மன்னிக்கப்பட்டவர்.

1935 மார்ச் 1ஆம் தேதி, ஒழிக்கப்பட்டிருந்த முடியாட்சி திரும்புவதைத் தடுக்க வெனிசெலோஸ் அதிகாரிகள் கலகம் செய்தார்கள். சில நாட்களிலேயே அது நசுக்கப்பட்டது. சராஃபிஸுக்கு ஆயுள் தண்டனை. அதைவிட ஆழமாகப் பதிந்தது வேறொன்று. ஏதென்ஸில் கூட்டத்தின் முன் நிறுத்தி, அவருடைய சீருடையிலிருந்து பதவிச் சின்னங்களைப் பிய்த்தெறிந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியரசு ஆதரவு அதிகாரிகள் வேலையிழந்தார்கள். ஆண்டு இறுதியில் திரும்பி வந்த மன்னர் இரண்டாம் ஜார்ஜ் பொதுமன்னிப்பு அளித்தார். பதவியைத் திருப்பித் தரவில்லை. அடுத்து வந்த மெட்டாக்ஸாஸ் சர்வாதிகாரத்தில் சராஃபிஸ் மிலோஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். பின்னாளில் அவர் மணந்துகொண்ட ஆங்கிலேயத் தொல்லியலாளர் மேரியனை அந்தத் தீவில்தான் சந்தித்தார்.

1940 அக்டோபர் 28இல் இத்தாலி படையெடுத்தபோது இந்த அதிகாரிகளில் பெரும்பாலோரை அரசு திரும்ப அழைக்கவில்லை. போர் தெரிந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். 1941 ஏப்ரலில் ஜெர்மானியர்கள் ஏதென்ஸுக்குள் நுழைந்தார்கள். மன்னர் நாட்டைவிட்டு வெளியேறினார். மலைகளில் எழுந்த எதிர்ப்பு இயக்கங்களுக்கு ஆயத்தமான ஒரு தளபதிக் கூட்டத்தை, தானறியாமலே, முடியாட்சியே உருவாக்கி வைத்திருந்தது.

சராஃபிஸ் முதலில் எலாஸை நாடவில்லை. அப்போது அவர் பொதுவுடைமையரும் அல்லர். தெஸ்ஸலியில் கட்சி சாராத கெரில்லாக் குழுக்களைத் திரட்டி, ஸெர்வாஸின் எடெஸ் இயக்கத்தோடும் பிரிட்டிஷ் தொடர்பு அதிகாரிகளோடும் இணைந்து செயல்படுவதே அவர் திட்டம். மலைகளில் தனக்குப் போட்டி முளைப்பதை எலாஸ் பொறுக்கவில்லை. அவரது குழு கலைக்கப்பட்டது, அவர் கைதியானார். பிரிட்டிஷ் குழுவின் தலைவர் எடி மையர்ஸ் அவருடைய விடுதலைக்காக வாதாடினார். விடுபட்டவர் எலாஸின் தலைமையை ஏற்றபோது பிரிட்டிஷார் திகைத்தார்கள்.

திகைக்கக் காரணமில்லை என்றே நினைக்கிறேன். அவர் முன்னிருந்த கணக்கு எளிது. போருக்குப் பின் மன்னர் திரும்புவதைத் தடுக்கும் வலுவுள்ள அமைப்பு எலாஸ் ஒன்றுதான். சின்னஞ்சிறு குழுக்களால் அது ஆகாது என்பதைத் தன் குழு கலைந்த விதத்திலேயே அவர் கண்டுகொண்டார். கட்டாயம் இருந்திருக்கலாம். ஆனால் அச்சத்தால் ஒப்புக்கொண்டவர் நேச நாடுகளின் கூட்டங்களுக்குப் போய்வந்த காலத்தில் ஒதுங்கியிருக்க முடியும், அவர் ஒதுங்கவில்லை. அவரைப் போன்ற பழைய அதிகாரிகளும் எலாஸுக்கு வந்தார்கள். 1938இல் கிரீட்டில் மெட்டாக்ஸாஸுக்கு எதிராகக் கிளர்ந்த இம்மானுவேல் மந்தாகாஸ் வந்தார். 1944 மார்ச்சில் எதிர்ப்பு இயக்கம் மலைகளில் அமைத்த அரசின் முதல் தலைவரான யூரிபிதிஸ் பகிர்ட்ஸிஸும் பழைய குடியரசு அதிகாரிதான்.

புதிய தலைமையகம் மூவரைக் கொண்டது: ராணுவத் தளபதி சராஃபிஸ், ‘கபெட்டானியோஸ்’ எனப்பட்ட கெரில்லாத் தலைவர் ஆரிஸ் வெலூகியோட்டிஸ், அரசியல் பொறுப்பாளர் ஆந்த்ரேயாஸ் ட்ஸீமாஸ். வீரர்களைத் திரட்டுவதும் தண்டிப்பதும் ஆரிஸின் கையில் இருந்தன. சராஃபிஸ் கொண்டுவந்தவை வேறு: பிரிவுகள், படைப்பிரிவுகள், அதிகாரிப் பயிற்சிப் பள்ளி, எழுத்துமூலமான ஆணை. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்த பின், தெஸ்ஸலியிலிருந்த பினெரோலோ பிரிவின் ஆயுதங்கள் எலாஸின் கைக்கு வந்தன. 1944 இலையுதிர் காலத்தில் படையின் பலம் சுமார் 50 ஆயிரம்.

இந்த ஒழுங்கே அதன் பலவீனமும் ஆயிற்று. 1944 செப்டம்பர் 26இல் இத்தாலியின் காஸெர்ட்டாவில் சராஃபிஸும் ஸெர்வாஸும் கையெழுத்திட்ட உடன்பாடு, எல்லா கெரில்லாப் படைகளையும் பிரிட்டிஷ் தளபதி ரொனால்ட் ஸ்கோபியின் கீழ் கொண்டுவந்தது. அக்டோபர் 12இல் ஜெர்மானியர்கள் ஏதென்ஸை விட்டுப் போனபோது எலாஸின் முக்கியப் பிரிவுகள் நகருக்கு வெளியே நின்றன. நகரைப் பிடிக்க ஆள்பலம் இருந்தது, ஆணை இல்லை.

டிசம்பர் 3இல் ஏதென்ஸின் அரசியலமைப்புச் சதுக்கத்தில் எலாஸ் ஆதரவு ஆர்ப்பாட்டக்காரர்கள் மீது போலீஸ் சுட்டது. பிரிட்டிஷாரோடும் அரசுப் படைகளோடும் தொடர்ந்த போரில் ஏதென்ஸ் களத்தை எலாஸின் மத்தியக் குழு நேரடியாகத் தன் கையில் எடுத்துக்கொண்டது. சராஃபிஸையும் ஆரிஸையும் ஸெர்வாஸை விரட்ட எபிருஸுக்கு அனுப்பியது. அவர்கள் விரட்டினார்கள், எடெஸ் கோர்ஃபூ தீவுக்கு ஓடியது. ஆனால் நாட்டின் தலைவிதி தலைநகரில் தீர்மானமாகிக்கொண்டிருந்தது. ஸ்கோபியின் கீழ் அங்கே போரிட்ட படைகளில் 4ஆம் இந்தியப் பிரிவின் படையணி ஒன்றும் இருந்தது. பிரேயஸ் துறைமுகப் பகுதியில் அது சண்டையிட்டது. தேர்ந்த தளபதியைத் தேவையான இடத்திலிருந்து அப்புறப்படுத்தியது கட்சித் தலைமையின் பெரும் பிழை.

ஏதென்ஸில் எலாஸ் தோற்ற பின், 1945 பிப்ரவரி 12இல் அரசோடு வர்கிஸா உடன்பாடு கையெழுத்தானது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை ஒப்படைக்க எலாஸ் ஒப்புக்கொண்டது. படையைக் கலைக்கும் ஆணையில் சராஃபிஸும் ஆரிஸும் சேர்ந்தே கையெழுத்திட்டார்கள். ஆரிஸ் பின்னர் அதை மறுத்து மலைக்குத் திரும்பினார். ஜூன் மாதம் சுற்றிவளைக்கப்பட்டு இறந்தார். அவருடைய தலை டிரிகலாவில், சராஃபிஸ் பிறந்த ஊரின் சதுக்கத்தில், தொங்கவிடப்பட்டது. சராஃபிஸ் ஆணைக்குக் கட்டுப்பட்டார். 1946இல் எலாஸ் பற்றிய தன் நூலை வெளியிட்டார். மீண்டும் தீவுகளில் காவல். 1946 முதல் 1949 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் அவர் ஆயுதம் ஏந்தவில்லை.

பின்னர் ஏடா என்னும் இடதுசாரிக் கட்சியில் சேர்ந்து நாடாளுமன்ற உறுப்பினரானார். 1957 மே 31ஆம் தேதி ஏதென்ஸ் அருகே அலிமோஸ் கடற்கரைச் சாலையை மனைவியோடு கடந்தபோது, அமெரிக்கப் படைவீரர் ஒருவர் ஓட்டிவந்த கார் மோதி இறந்தார். மேரியன் காயங்களோடு தப்பினார். அரசு விபத்து என்றது. இடதுசாரிகள் கொலை என்று சந்தேகித்தார்கள். கணவரின் நூலை மேரியன் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். எலாஸ் உள்ளிட்ட இடதுசாரி இயக்கங்களைத் தேசிய எதிர்ப்பின் பகுதியாக கிரேக்க அரசு சட்டப்படி ஏற்றது 1982இல், பாசோக் கட்சியின் ஆட்சியில்தான்.