நமீப் பாலையின் நாரா

தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில், வால்விஸ் விரிகுடாவை அடுத்த குயிசெப் ஆற்றோர மணல்மேடுகளில் வளரும் நாரா, வெள்ளரியும் பூசணியும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், இலைகளை அறவே துறந்து, பச்சைத் தண்டுகளாலும் முட்களாலுமே ஒளிச்சேர்க்கை செய்து, நிலத்தடி நீரைத் தேடி மிக ஆழத்திற்கு வேரோடும் முட்புதராகும். ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகள். காய்ப்பது பெண் செடி மட்டுமே.

நாமா இனத்தின் ஒரு பிரிவினரான தொப்னார் மக்கள், புதர்த் திடல்களைக் குடும்ப உரிமையாக வழிவழியாகப் பேணிவந்தனர். பச்சைக் காயில் குக்குர்பிட்டசின் என்னும் கசப்புப்பொருள் மிகுந்து வாயைப் புண்ணாக்குமாதலின், கோடையில் பழுத்தபின்னரே பறித்து, சதையை விதைகளோடு பானையிலிட்டுக் காய்ச்சி, விதைகளை வடித்தெடுத்தபின் எஞ்சிய கூழை மணல்மீது ஊற்றி உலர்த்தி, தோல்போன்ற அடைகளாகச் சுருட்டி, பழமற்ற மாதங்களுக்குச் சேமித்தனர். வறண்ட நிலத்தில் ஆண்டு முழுவதும் உணவைக் காக்க இத்துணை நுட்பமாக வகுக்கப்பட்ட முறை போற்றத்தக்கது. 1837இல் இவ்வழி சென்ற ஸ்காட்லாந்துப் பயணி ஜேம்ஸ் எட்வர்ட் அலெக்சாண்டர் இக்கனியைக் குறிப்பிட்டுள்ளார்.

எடையில் பாதியளவு எண்ணெய் கொண்ட விதைகள், பிற்காலத்தில் கேப் டவுனுக்கு ஏற்றுமதியாகி, இனிப்புப் பண்டங்களில் வாதுமைக்கு மாற்றாயின. வணிகம் பெருகியதும் குடும்ப உரிமை தளர்ந்தது. காயாக இருக்கும்போதே பறிக்கும் அவசரமும் புகுந்தது. 1960களின் தொடக்கத்தில் வால்விஸ் விரிகுடா நகரை வெள்ளத்திலிருந்து காக்க எழுப்பப்பட்ட கரை, ஆற்றுமுகத்தின் ஒரு கிளைக்கு நீர்வரத்தைத் தடுத்தமையால், அப்பகுதிப் புதர்கள் நலிந்தன.