அயல்மொழிச் சொற்களும் அசையும் படங்களும்



படத்தைப் பற்றி வானொலியில் பேசுவது கண்ணாடியைப் பற்றி இருட்டில் பேசுவது போன்றதுதான். எனினும், அயல்மொழிச் சொற்களைக் கற்பிக்க அசையும் படம் வகுப்பறைக்குள் வந்த வரலாற்றை உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஆவல்.

சென்னையிலிருந்து பூவிருந்தவல்லியைத் தாண்டி மேற்கே சென்றால் இருங்காட்டுக்கோட்டையும் ஸ்ரீபெரும்புதூரும் வரும். அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஒரகடம். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த நாளில் இவை ஏரிப் பாசன ஊர்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் நிறுவனத்தின் முதல் கார் வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. கார்த் தொழிலோடு கொரிய மொழியும் ஜப்பானிய மொழியும் நம் பக்கம் வந்து சேர்ந்தன. அவற்றைக் கற்பவர்க்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைக்கும் என்ற நிலை பிறந்தது.

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர், தாம் பயிலும் கொரிய மொழி மாலை வகுப்பிற்கு என்னை அழைத்துச் சென்றார். சிலர் தொழிற்சாலைச் சீருடையோடே அமர்ந்திருந்தனர். ஆசிரியை ஒரு சிறு வீடியோக் காட்சியை ஓடவிட்டார். அலுவலகத்தில் ஓர் இளைஞன் தன் தோழனுக்கு ஒரு தாளை ஒரு கையால் நீட்டுகிறான். பிறகு மேலதிகாரிக்கு மற்றொரு தாளை இரு கைகளாலும் பிடித்து, சற்றே குனிந்து தருகிறான். ஆசிரியை அங்கே படத்தை நிறுத்தினார். “என்ன வேறுபாடு கண்டீர்கள்?” என்று கேட்டார்.

கையைக் கண்டவர் சிலர். குனிவைக் கண்டவர் சிலர். சொல்லும் மாறியதை ஒரே ஒரு பெண்தான் கேட்டிருந்தாள். கொரிய மொழியில் கொடுத்தலைக் குறிக்கும் பொதுச்சொல் ‘ஜுதா’. உயர்ந்தோர்க்குக் கொடுத்தலைக் குறிப்பது ‘துரிதா’. எனக்கு உடனே தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. இழிந்தோன் கேட்டால் ‘ஈ’, ஒப்போன் கேட்டால் ‘தா’, உயர்ந்தோன் கேட்டால் ‘கொடு’ என்று பிரித்துக் காட்டியவர் அல்லவா நம் தொல்காப்பியர்? “ஐயா, அகராதியை மட்டும் நம்பியிருந்தால் நான் தலைமைப் பொறியாளரிடம் தோழனிடம் பேசுவதுபோலப் பேசியிருப்பேன்” என்றார் என் மாணவர். அவர் அடுத்த மாதம் மொழிபெயர்ப்பாளர் பணிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகவிருந்தவர்.

படத்தால் சொல் கற்பிக்கும் முயற்சி மிகப் பழையது. மொராவியா நாட்டு அறிஞர் கொமேனியஸ் 1658-இல் நியூரம்பர்க் நகரில் சிறுவர்க்கான படநூல் ஒன்றை வெளியிட்டார். படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அதே எண் லத்தீன் சொல்லுக்கும் உண்டு, ஜெர்மன் சொல்லுக்கும் உண்டு. எழுத்தொலிகளைக் கற்பிக்கவும் காகம் கரைவதையும் ஆட்டுக்குட்டி கத்துவதையும் துணைக்கொண்டார். ஆயினும் அவர் படங்கள் அசையவில்லை. பெயர்ச்சொல்லுக்கு அவை போதும், வினைச்சொல்லுக்கு?

இந்த இடர்ப்பாட்டைத் தம் தோல்வியால் உணர்ந்தவர் பிரான்சு நாட்டு ஆசிரியர் பிரான்சுவா குவேன். ஜெர்மன் மொழி கற்க ஹாம்பர்க் நகருக்குச் சென்ற அவர், இலக்கணத்தை நெட்டுருச் செய்தார். பின்னர் அகராதியையே ஒரு திங்களில் மனப்பாடம் செய்தார். விரிவுரை கேட்கப் போனால் ஒன்றும் விளங்கவில்லை! மனமுடைந்து ஊர் திரும்பியவர், தம் உடன்பிறந்தாரின் சிறுமகனைக் கண்டார். மாவரைக்கும் ஆலை ஒன்றைப் பார்த்துவந்த அக்குழந்தை, மூட்டை கட்டுவதும் சுமப்பதும் கொட்டுவதுமாக விளையாடிக்கொண்டே ஒவ்வொரு செயலையும் வாயாலும் சொல்லிக்கொண்டிருந்தது. செயல்களின் வரிசையில்தான் சொற்கள் மனத்தில் தங்குகின்றன என்று குவேன் கண்டார். 1880-இல் அதை நூலாகவும் எழுதினார். அசையும் படம் பிறப்பதற்கு முன்பே அதற்கு வேண்டிய பாடமுறை பிறந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

பின்னர்ப் பிரான்சில் செயின்ட் கிளவுட் என்னுமிடத்து ஆசிரியர்கள், 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிலைப்படச் சுருளையும் ஒலிநாடாவையும் இணைத்துப் பிரெஞ்சு கற்பித்தனர். ஒருவன் கைக்கடிகாரத்தைச் சுட்டுகிறான் என்று கொள்ளுங்கள். அது கடிகாரமா, நேரமா, தாமதமா? அசையாப் படத்தின் மயக்கம் இது. தொலைக்காட்சி அசைவைத் தந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. ஆனால் ஒளிபரப்பு எந்த ஆசிரியருக்காகவும் நிற்பதில்லை. 1970-களின் பிற்பகுதியில் பரவிய வீடியோ நாடாதான் நிறுத்தும் பொத்தானை ஆசிரியர் கையில் தந்தது. படத்தைக் காட்டிலும் அந்தப் பொத்தானே பெரிய வரவு என்பது என் துணிபு.

அதை நான் தாமதமாகவே அறிந்தேன். 1980-களின் இறுதியில் பள்ளிகளுக்கு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வந்தன. எங்கள் பள்ளியில் அது பெரும்பாலும் பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. ஒருநாள் என் செலவில் ‘டெக்’ ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஆங்கிலக் கதைப்படம் ஒன்றை நாற்பது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டினேன். பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தனர். மறுநாள் கேட்டால், கதையைத் தமிழில் அழகாகச் சொன்னார்கள்; ஆங்கிலச் சொல் ஒன்றுகூட வரவில்லை. குற்றம் அவர்களுடையதன்று. அடுத்த வாரம் அதே படத்தில் மூன்று நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். சமையற்காரி பாலை ஊற்றும் இடத்தில் நிறுத்தினேன். ஒரு மாணவனை எழுப்பி, குடத்து நீரை ஊற்றிக்கொண்டே அச்சொல்லைச் சொல்ல வைத்தேன். வகுப்பறை நனைந்தது, சொல்லும் நிலைத்தது.

இன்று உங்கள் கைப்பேசியிலேயே கொரிய நாடகங்கள் வருகின்றன, அடியில் எழுத்துகளோடு. தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுத்து ஓடினால் கண் அதையே படிக்கும், காது உறங்கிவிடும். நான் கண்ட ஆசிரியை முதலில் எழுத்தே இல்லாமல் காட்டினார். இரண்டாம் முறை கொரிய எழுத்தோடு காட்டினார். மூன்றாம் முறை ஒலியை அடக்கிவிட்டு, மாணவர்களையே பேசச் சொன்னார். என் பழைய மாணவர் எழுந்து, தம் குறிப்பேட்டை இரு கைகளாலும் ஆசிரியையிடம் நீட்டினார். சொல் பாதியில் தடுமாறியது. “மறுபடியும்” என்றார் ஆசிரியை.