தீவின் விலை

வெப்பமண்டலக் கடலிலே, அபிவிருத்திக்கேற்ற சிறுதீவொன்று விற்பனைக்குண்டு என்னும் விளம்பரங்களை இன்றும் காண்கிறோம். வெண்மணலும் தென்னஞ்சோலையும் அவற்றிலே விரிவாக வருணிக்கப்படும். அத்தென்னைகளை நட்டவர் யாவர் என்பது மட்டும் கூறப்படுவதில்லை. தனியுடைமைத் தீவு என்பதன் உண்மைப் பொருளை விளங்கிக்கொள்ள, இந்து சமுத்திரத்திலுள்ள கொக்கோசுத் தீவுகளின் வரலாற்றை நோக்குதல் தகும்.

ஏறத்தாழ 14 சதுர கிலோமீற்றர் பரப்பே கொண்ட இப்பவளத் தீவுகளில் ஆதிக்குடிகள் இருந்ததில்லை. 1826 இல் அலெக்சாந்தர் ஹெயர் என்னும் ஆங்கிலேயர் தம் அடிமைகளுடன் அங்கு குடியேறினார். அவ்வடிமைகளுட் பெரும்பாலோர் மலாயர். அடுத்த ஆண்டிலே ஸ்கொத்லாந்துக் கப்பற்றலைவர் யோன் குளூனிஸ் ரொஸ் குடும்பத்துடன் வந்தார். சில ஆண்டுகளில் ஹெயர் வெளியேற, ரொஸ் குடும்பம் தனியாட்சி பெற்றது. 1836 இல் அங்கு சென்ற சாள்ஸ் டார்வின், மலாயர் பெயரளவிற் சுதந்திரம் பெற்றிருந்தும் பல விடயங்களில் அடிமைகளாகவே கருதப்பட்டமையைக் குறித்துவைத்தார்.

1857 இல் பிரித்தானியா அத்தீவுகளைத் தன் பேரரசுடன் இணைத்தது. 1878 இல் அவை இலங்கைத் தேசாதிபதியின் மேற்பார்வைக்கு விடப்பட்டன. 1886 இல் விக்டோரியா மகாராணியார் அவற்றை ரொஸ் குடும்பத்துக்கு நிரந்தரமாக வழங்கினார். தலைமுறை தலைமுறையாக உழைத்தோரோ ஓரடி நிலத்துக்கும் உரித்துடையோராகவில்லை.

அபிவிருத்தி நடைபெறவில்லையா? நடைபெற்றது. தென்னை பெருகிற்று, கொப்பறா கப்பலேறிற்று. ஆனால் உழைத்தோரின் கூலி, குடும்பம் தானே வெளியிட்ட தோற்சீட்டுகளாகவும் பின்னர் வில்லைகளாகவுமே கொடுக்கப்பட்டது. அவை குடும்பத்தின் கடையிலன்றி வேறெங்கும் செல்லா. ஆகவே கொடுத்த கூலி கொடுத்தவர் கைக்கே மீண்டது. தீவை விட்டுப் போனவர் திரும்பிவரவும் இயலாது. வேலையும் வீடும் கடையும் நாணயமும் ஒரே கையில் இருக்கும்போது சங்கிலிக்குத் தேவையேது? எமது மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்தோருக்கு இது புதிதன்று. அங்கும் வேலை போயின் இலயன் அறையும் போயிற்று.

குடும்பத்தினர் வீடு கொடுத்தனர், முதியோரைப் பராமரித்தனர் என வாதிப்போர் உளர். இருக்கலாம். ஆனால் பரிவு உரிமையாகாது. தருபவர் மனம் மாறினால் நிறுத்தக்கூடிய ஒன்றை உரிமையென எவ்வாறு கொள்வது?

1955 இல் தீவுகள் அவுஸ்திரேலிய ஆட்சிக்கு மாறின, நிலவுடைமை மாறவில்லை. 1974 இல் அங்கு சென்ற ஐக்கிய நாடுகள் தூதுக்குழு இந்நிலையைக் குறைகூறிற்று. 1978 இல் அவுஸ்திரேலிய அரசு 62 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் கொடுத்து, குடும்ப மாளிகை தவிர்ந்த நிலத்தை வாங்கியது.

இவ்விலை எதற்குரியது? வெறும் மணலுக்கன்று. ஒன்றரை நூற்றாண்டாக மலாயத் தொழிலாளர் நட்டும் பறித்தும் உலர்த்தியும் ஆக்கிய செல்வத்துக்கே அவ்விலை. அதனைப் பெற்றதோ ரொஸ் குடும்பம். 1984 ஏப்பிரல் 6 இல் நடைபெற்ற வாக்கெடுப்பிலேதான் தம் அரசியல் எதிர்காலம் பற்றித் தீவினர் கருத்துக் கேட்கப்பட்டது. பெரும்பான்மையோர் அவுஸ்திரேலியாவுடன் இணைவதையே தெரிந்தனர். ரொஸ் குடும்பத்தின் ஆட்சி மீளவேண்டுமென எவர்தாம் விரும்புவர்?

ஒரு தீவின் அபிவிருத்தி வாய்ப்பைப் பற்றிப் பேசுவோரிடம் நாம் கேட்கவேண்டியவை இரண்டு: அங்கு உழைக்கப்போகிறவர் யார்? அவ்வுழைப்பால் உயரும் விலையில் அவருக்குள்ள பங்கு யாது? இவற்றுக்கு விடை கிடைக்காதவரை, அபிவிருத்தி என்பது உடைமையாளரின் இலாபத்துக்கு இடப்பட்ட மறுபெயரே.