பிராங்க்பர்ட்டின் யூதர் தெரு

பேரவைகளையும் விசுவாச அறிக்கைகளையும் ஆராயும் நாம், அவை பிறந்த நகரங்களின் தெருக்களைப் பற்றி வினவுவது அரிது. எனினும், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் இன்று மறைந்துபோன ஒரு தெரு நமது மரபைக் குறித்தே நம்மிடம் கணக்குக் கேட்கிறது. அதன் பெயர் ‘யூடன்காசே’. யூதர் சந்து என்பது அதன் பொருள்.

15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அந்நகர யூதர்கள் பேராலயத்தின் அருகிலேயே வாழ்ந்து வந்தனர். தேவாலயத்துக்கு இத்துணை அருகில் ஜெப ஆலயம் இருத்தல் தகாது என்னும் முறையீடு எழுந்தது. பேரரசர் மூன்றாம் பிரெடெரிக்கின் வற்புறுத்தலால், நகர மன்றம் 1462இல் அவர்களைப் பழைய மதிலுக்கு வெளியே ஒரு வளைந்த சந்தில் குடியேற்றியது. அதன் நீளம் ஏறத்தாழ 330 மீட்டர். அகலமோ சில மீட்டரே. அதன் மூன்று வாயில்களும் இரவு தோறும் பூட்டப்பட்டன. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கிறிஸ்தவத் திருநாட்களிலும் பூட்டப்பட்டன. முதலில் ஏறத்தாழ நூறு பேர் வாழ்ந்த அச்சந்தில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 3,000 பேர் நெருங்கி வாழ்ந்தனர்.

தெருவின் பெயர் பிறர் இட்டது. வீடுகளின் பெயர்களோ அங்கு வாழ்ந்தோர் வழங்கியவை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளமும் பெயரும் உண்டு. அப்பெயரே பல குடும்பங்களின் பெயராயிற்று. ‘சிவப்புக் கேடயம்’ என்னும் வீட்டிலிருந்தே ராத்சைல்டு என்னும் புகழ்பெற்ற குடும்பப் பெயர் தோன்றியது. அவர்தம் பழைய கல்லறைக் கற்களிலும் இவ்வீட்டு அடையாளங்கள் செதுக்கப்பட்டுள்ளன.

16ஆம் நூற்றாண்டில் பிராங்க்பர்ட் லூத்தரன் நகரமாயிற்று. பூசை நின்றது; பிரசங்கம் மாறியது; சந்தின் பூட்டு மட்டும் மாறவில்லை. 1614இல் கலகக்காரர்கள் தெருவைச் சூறையாடி யூதர்களை நகரைவிட்டே துரத்தினர். 1616இல் பேரரசின் பாதுகாப்போடு அவர்கள் திரும்பியபோது, 500 குடும்பங்களுக்கு மேலிருக்கலாகாது, ஆண்டுக்கு 12 திருமணங்களுக்கு மேல் நடைபெறலாகாது என விதிக்கப்பட்டது.

இந்நகரில்தான் 1666 முதல் 1686 வரை பிலிப் யாக்கோபு ஸ்பேனர் தலைமைப் போதகராகப் பணியாற்றினார். 1670இல் வேதபாடக் கூட்டங்களைத் தொடங்கி, 1675இல் ‘பியா தெசிதேரியா’ என்னும் நூலை வெளியிட்டார். அவரது பக்தி இயக்கம் பிராங்கே வழியாக ஹாலேயில் வேரூன்றியது. அங்கிருந்து புறப்பட்ட சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடி வந்தடைந்தார். நமது தமிழ்ச் சுவிசேஷ மரபின் ஓர் ஊற்று, யூதரைப் பூட்டிவைத்த அதே நகரில் சுரந்தது என்பதை நாம் மறத்தலாகாது. ஸ்பேனர் தம் நூலில் ரோமர் நிருபத்தைச் சான்றாகக் கொண்டு யூதரின் மனந்திரும்புதலை எதிர்நோக்கினார். ஆயினும் அவர் ஊழியம் செய்த காலம் முழுவதும், ஆராதனை நாளில் அச்சந்தின் கதவுகள் மூடியே இருந்தன.

1796இல் பிரெஞ்சுப் படையின் குண்டுவீச்சில் சந்தின் ஒரு பகுதி எரிந்தது. 1811இல் அங்குதான் வாழவேண்டும் என்னும் கட்டாயம் நீங்கியது. முழு உரிமைச் சமத்துவம் 1864இல்தான் கிடைத்தது. பின்னர்ப் பழைய வீடுகள் இடிக்கப்பட, 1885இல் அத்தெரு ‘பொர்னே தெரு’ எனப் பெயர் பெற்றது. லுத்விக் பொர்னே 1786இல் அச்சந்தில் பிறந்த எழுத்தாளர். 1818இல் லூத்தரன் சபையில் திருமுழுக்குப் பெற்றவர். நாஜிகளுக்கு அத்திருமுழுக்கு ஒரு பொருட்டன்று. அவர்கள் தெருவினின்று அவர் பெயரை நீக்கினர். 1935இல் அருகிருந்த பொர்னே சதுக்கத்தை ‘தொமினிக்கர் சதுக்கம்’ ஆக்கினர். யூதப் பெயரை அழிக்கக் கிறிஸ்தவத் துறவியரின் பெயர் கருவியாயிற்று. 1938 நவம்பரில் அங்கிருந்த ஜெப ஆலயம் எரிக்கப்பட்டது. எஞ்சிய தெருவும் 1944ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் அழிந்தது.

1987இல் அவ்விடத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்துக்காக நிலம் தோண்டப்பட்டபோது வீடுகளின் அடித்தளங்கள் வெளிப்பட்டன. அவற்றைக் காக்கவேண்டும் எனப் பலர் போராடினர். சில அடித்தளங்கள் காக்கப்பட்டு, 1992இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1996 முதல் பழைய யூதக் கல்லறைத் தோட்டத்தின் சுற்றுச்சுவரில், கொல்லப்பட்ட பிராங்க்பர்ட் யூதர் 11,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் சிறு உலோகக் கட்டைகளில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு தெருவின் பெயரை மாற்றி மறக்கச் செய்த நகரம், இன்று ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியே நினைவுகூர்கிறது.

ஒட்டவைக்கப்பட்ட கிளைகள் வேரின்மேல் பெருமைபாராட்டலாகாது எனப் பவுல் ரோமர் 11ஆம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். அதிகாரத்தின் பொருளை விளக்குவது எளிது. அதற்கெதிராகப் பூட்டிய கதவை நாள்தோறும் கண்டும் காணாதிருப்பது அதனினும் எளிது என்பதைப் பிராங்க்பர்ட் காட்டுகிறது. நமது ஆலயமணி ஒலிக்கும் வேளையில் எந்தத் தெருவின் கதவு மூடப்படுகிறது என்று கேட்பதும் போதக ஊழியத்தின் ஒரு பகுதியே ஆகும்.