ஒரு சான்றிதழ், இரண்டு துறைகள்: மேலூர் வட்டத்திலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில், கொட்டாம்பட்டிப் பக்கம் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையிடம் என்ன குரூப் எடுக்கப் போகிறாய் என்று கேட்டால் 'கம்ப்யூட்டர் சயின்ஸ்' என்று பதில் வரும். படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாய் என்றால் 'ஐ.டி.' என்று வரும். படிப்புக்கு ஒரு பெயர், பிழைப்புக்கு ஒரு பெயர், பொருள் ஒன்றுதான் என்ற எண்ணம் பெற்றோரிடமும் வேரூன்றியிருக்கிறது. இரண்டும் வெவ்வேறு தேவைகளில் பிறந்தவை. அவை பிரியும் இடத்தை இதே மேலூர் வட்டம் 2001க்குப் பிறகு கண்கூடாகக் காட்டியது. அந்த வரலாற்றைத் தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

'தகவல் தொழில்நுட்பம்' என்பதற்கான ஆங்கிலப் பெயர் இன்றைய பொருளில் 1958இல் 'ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ' இதழில் வந்தது. எழுதியவர்கள் ஹரால்ட் லெவிட், தாமஸ் விஸ்லர். கணினி நுழைந்தபின் நிறுவனங்களில் இடைநிலை மேலாளர்களின் வேலை என்னவாகும் என்பதே அவர்களுடைய கேள்வி. மறு ஆண்டு லூயிஸ் ஃபைன், பல்கலைக்கழகங்களில் கணினிக்கெனத் தனித்துறை வேண்டும் என்று வாதிட்டு, அதற்குக் 'கணினி அறிவியல்' என்ற பெயரை முன்வைத்தார். 1962இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் அத்தகைய துறையைத் தொடங்கியது. ஒரு பெயர் அலுவலகத்தில் பிறந்தது, மற்றது வகுப்பறையில். பின்னால் வந்த வேறுபாடுகள் பலவற்றுக்கும் இந்தப் பிறப்பிடமே காரணம் என்பது என் கணிப்பு.

இந்தியாவில் வகுப்பறை முந்திக்கொண்டது. 1963இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐபிஎம் 1620 கணினி வந்தது. ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் அங்கேதான் இத்துறைக் கல்விக்கு அடித்தளம் இட்டார். அங்கே அவருடன் பணியாற்றிய எச். என். மகாபலா பிறகு சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்து கணினி அறிவியலை வளர்த்தார். ஐபிஎம் 370/155 கணினி அங்கே நிறுவப்பட்டது 1973இல். 1980களில் எம்.சி.ஏ. படிப்பு உருவானதிலும் ராஜாராமனுக்குப் பெரும்பங்கு உண்டு. நிறுவனங்களின் கணக்குவழக்கைக் கணினிக்கு மாற்ற ஆள் தேவைப்பட்டது, அதற்காக வந்த படிப்பு அது. 'ஐ.டி.' என்ற சொல் நம் பக்கம் பரவுமுன்பே அந்த வேலைக்கான பயிற்சி வந்துவிட்டது என்று இதைக் கொள்ளலாம்.

சொல் பரவியது 1990களின் இறுதியில். 1997இல் தமிழக அரசு தகவல் தொழில்நுட்பக் கொள்கையை வெளியிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்க் கணினிப் பயன்பாட்டுக்கான தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. 2000இல் ஐ.டி. நிறுவனங்களுக்கான டைடல் பூங்கா அங்கே திறக்கப்பட்டது. பொறியியல் கல்லூரிகளில் தகவல் தொழில்நுட்பம் தனிப் பிரிவானது. அண்ணா பல்கலைக்கழக வழக்கப்படி கணினி அறிவியல் படித்தவர் பி.இ., தகவல் தொழில்நுட்பம் படித்தவர் பி.டெக். பட்டத்தின் பெயரே வேறு. ஆனாலும் வளாகத் தேர்வுக்கு வந்த நிறுவனங்கள் இருவரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்தன. பாடத்திலும் பெரும்பகுதி பொது. குழப்பம் ஊருக்கு வந்த வழி இதுதான்.

இந்தக் காலத்தில்தான் மேலூர் வட்டத்தில் 'சாரி' என்ற திட்டம் தொடங்கியது. கிராமப்புற இந்தியாவுக்கு நீடித்த இணைய வசதி என்பது அந்தப் பெயரின் விரிவு. சென்னை ஐ.ஐ.டி.யின் டெநெட் குழுவும் என்-லாக் நிறுவனமும் அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்ட் ஆய்வாளர்களும் இதில் சேர்ந்திருந்தனர். அதற்கு முதுகெலும்பாக இருந்தது 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லாத் தொடர்பு முறை. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையில் மின்பொறியியலாரும் கணினி அறிவியலாரும் சேர்ந்து வளர்த்த கருவி அது. கோபுரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் வரை, பார்வை மறைக்காத இடத்தில், கூரைமேல் ஓர் ஆன்டெனாவும் சுவரில் ஒரு பெட்டியும் இருந்தால் போதும். தொலைபேசியில் பேசிக்கொண்டே நொடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையத்திலும் இருக்கலாம். தொலைபேசிக் கம்பியே எட்டாத கிராமத்துக்கு அன்று அது பெரிய விஷயம்.

2001 நவம்பரிலிருந்து, கணினியும் இணையமும் கொண்ட சிறு மையங்களான கியோஸ்குகள் எழுபதுக்கும் மேல் திறக்கப்பட்டன. மின்னஞ்சல், கணினிப் பயிற்சி, அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் படம் அனுப்பிக் கண்நோய்க்கு ஆலோசனை பெறுவது எனப் பல சேவைகள். முக்கியமானது சான்றிதழ் மனு.

சாதிச் சான்றிதழ் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கொட்டாம்பட்டிக்காரர் அப்போது கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் எழுதியதை வருவாய் ஆய்வாளர் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு பஸ் ஏறி மேலூர் போய் வட்டாட்சியர் அலுவலகத்தில் காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று வட்டாட்சியர் முகாமுக்குப் போயிருந்தால் மறுநாளும் அதே பஸ். கியோஸ்கில் மனுவை மின்னஞ்சலில் அனுப்பியதால் இந்த அலைச்சல் குறைந்தது.

இதில் கணினி அறிவியலுக்கு உரியது எது? அகரவரிசையில் உள்ள 10 லட்சம் பெயர்களில் ஒன்றைத் தேட ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டாம். பாதியாகப் பிரித்துப் பிரித்துப் போனால் 20 ஒப்பீடுகளில் முடியும். இதற்குக் கணித நிறுவல் உண்டு. மேலூரிலும் மாஸ்கோவிலும் அதே 20தான். அந்தப் பெயரைப் பதிவேட்டிலிருந்து கணினியில் ஏற்றியது யார், மனு போகும் நேரத்தில் கரண்ட் இருந்ததா, அலுவலகத்தில் அந்த மின்னஞ்சலை யாராவது திறந்தார்களா என்பவை தகவல் தொழில்நுட்பத்தின் கேள்விகள். இவற்றுக்கு நிறுவல் கிடையாது. ஊருக்கு ஊர், அதிகாரிக்கு அதிகாரி விடை மாறும்.

மேலூரில் அப்படித்தான் நடந்தது. மைக்கேல் பெஸ்ட், ராஜேந்திர குமார் ஆகியோரின் ஆய்வுகள் இதை விரிவாகப் பதிவு செய்கின்றன. தொடக்கத்தில் மனுக்கள் பெருகின, மக்களின் அலைச்சல் குறைந்தது. பிறகு அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள், புதியவர்களுக்கு அந்த ஈடுபாடு இல்லை, அரசுச் சேவை தேய்ந்தது. வருமானம் போதாமலும் பழுது பார்க்க உதவி கிடைக்காமலும் 2005க்குள் கணிசமான கியோஸ்குகள் மூடப்பட்டன. கார்டெக்டின் அறிவியலில் பிழை இருந்ததால் அவை மூடப்படவில்லை. அந்த அறிவியலை ஊரில் நிலைநிறுத்தும் ஏற்பாடு பாதியில் நின்றது. தகவல் தொழில்நுட்பத்தைக் கணினி அறிவியலின் எளிய தம்பியாகக் கருதும் வழக்கம் நம் கல்லூரிகளில் இருக்கிறது. மேலூர் அனுபவம் அதைத் தவறென்று காட்டுகிறது.

இன்று இ-சேவை மையத்தில் கிடைக்கும் சான்றிதழில் மின்னணுக் கையொப்பம் இருக்கிறது. அத்தகைய கையொப்பத்துக்கு அடிப்படையான பொதுத்திறவு மறைகுறியீட்டு முறை ஒன்றை ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் 1978இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். இந்தியாவில் அப்படியொரு கையொப்பத்துக்குச் சட்ட மதிப்பு தந்தது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். இடையில் 22 ஆண்டுகள். முன்னது கணினி அறிவியல், பின்னது தகவல் தொழில்நுட்பம்.

தமிழகப் பள்ளிக்கல்வி இந்த வேறுபாட்டை 2018இல் ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டு வந்த புதிய பதினொன்றாம் வகுப்புப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல், கணினிப் பயன்பாடுகள், கணினித் தொழில்நுட்பம் என மூன்று நூல்கள். முதலாவதில் படிமுறையும் தற்சுழற்சியும் சி++உம், இரண்டாவதில் அலுவலக மென்பொருளும் வலைப்பக்க வடிவமைப்பும் வருகின்றன. சேர்க்கையின்போது இந்த மூன்றையும் பெற்றோர் கேட்டுப் பார்ப்பது நல்லது.

சாரி திட்டத்தைப் பற்றிய ஆய்வுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கியோஸ்க் நடத்திய இளைஞர்கள் இப்போது நடுவயதினர். அவர்களுடைய பதிவேடுகளும் ரசீதுப் புத்தகங்களும் எங்கேனும் பரணில் கிடக்கக்கூடும். மேலூர், கொட்டாம்பட்டி ஒன்றியங்களில் அப்படி வைத்திருப்பவர்கள் அவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட வேண்டாம். மதுரையில் உள்ள ஏதாவதொரு கல்லூரி நூலகத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டுகிறேன்.